சும்மா இருக்கத் தெரிந்த கை

கேள்வி: எனக்கு 31 வயது. பத்து ஆண்டுகளாக ஜாஸ் பாடுகிறேன், கிதாரும் நானே வாசிக்கிறேன். பகலில் கணக்கு எழுதும் வேலை. வாரத்தில் இரண்டு மாலை ஓர் உணவகத்தில் தனியாகப் பாடி வாசிக்கிறேன். அண்மையில் ஒரு குழு என்னைப் பாட அழைத்தது. அங்கே பியானோ வாசிப்பவர், "கிதார் பெட்டியிலேயே இருக்கட்டும்" என்கிறார். என் ஆசிரியரோ, "இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள், இல்லாவிட்டால் இரண்டும் அரைகுறையாகிவிடும்" என்கிறார். உணவக மேலாளருக்கு மட்டும் நான் இரண்டும் செய்வது மிகவும் பிடித்திருக்கிறது, ஆனால் ஒருவருக்கான சம்பளம்தான் தருகிறார். கிதாரை விட்டுவிடலாமா? வேலையை விட்டுவிட்டு முழுநேரம் இறங்கலாமா? ஒரே பாடலைப் பியானோவோடு ஒரு முறையும், நானே கிதார் வாசித்து ஒரு முறையும் பாடிப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

பதிவுகளை முதலில் கேட்டேன், கடிதத்தை அப்புறம்தான் படித்தேன். எப்போதும் இந்த வரிசைதான். கடிதம் எழுத உட்கார்ந்தால் எல்லோரும் தங்களைத் தாங்களே கொஞ்சம் கூடுதலாகத் திட்டிக்கொள்கிறார்கள். பதிவுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது.

பியானோவோடு பாடிய பதிவில் குரல் சுத்தமாக இருக்கிறது, சுருதி எங்கும் பிசகவில்லை. ஆனால் ஒவ்வொரு வரியிலும் பியானோக்காரர் கதவைத் திறந்துவிடும்வரை வாசலில் நிற்கிறீர்கள். கிதாரோடு பாடியதில் இரண்டாவது வரியை இரண்டு தட்டு தாமதமாக எடுத்து, கடைசிச் சொல்லில் கணக்கை நேர்செய்கிறீர்கள். அந்தத் துணிச்சல் முதல் பதிவில் எங்கும் இல்லை. தாளம் எங்கே இருக்கிறது என்று உங்கள் கைக்குத் தெரிந்திருப்பதால்தான் குரலால் அதைவிட்டு நகர முடிகிறது. எனவே கிதாரை விடலாமா என்ற கேள்விக்கு என் பதில் வேண்டாம் என்பதே.

ஆனால் அதே பதிவில் ஒரு பெரிய குறை இருக்கிறது. கிதார் ஒரு நொடிகூட வாய் மூடவில்லை. முப்பத்திரண்டு பாரிலும் (நான்கு தட்டு சேர்ந்தது ஒரு பார்), நான்கு தட்டிலும், கிடைத்த தந்திகளையெல்லாம் மீட்டிக்கொண்டே போகிறீர்கள். தட்டு எண்ணும் கருவியான மெட்ரோனோமோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 66 தட்டில் தொடங்கிய பாடல் முடியும்போது 74இல் ஓடுகிறது. நடுப்பகுதியில் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) கடினமாகும் இடத்தில்தான் வேகம் ஏறுகிறது. வழுக்கும் படியில் எல்லோரும் வேகமாகத்தானே இறங்குவோம். கை பயப்படுகிறது, குரல் அதன் பின்னால் ஓடுகிறது.

இந்த நோய் எனக்கும் இருந்தது. பாடிக்கொண்டே வாசித்த காலத்தில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்து, மறுநாள் பாடல் வரிகளைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு, நான் மூச்சு எடுத்த இடங்களிலெல்லாம் பென்சிலால் கோடு போட்டேன். ஒரு பாடலில் பதினொரு கோடுகள். அவற்றில் ஒன்பது, பொருளோடு எந்தத் தொடர்பும் இல்லாத இடங்களில் விழுந்திருந்தன. பிறகு கார்டுகளை வரிகளுக்கு மேலே எழுதிப் பார்த்ததும் புரிந்தது. இடது கை ஒரு பெரிய தாவலுக்குத் தயாராகும் ஒவ்வொரு முறையும் நான் மூச்சை இழுத்திருக்கிறேன். பெயரடைக்கும் பெயருக்கும் நடுவே மூச்சு, எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே மூச்சு. பல வருடம் என் பாட்டின் நிறுத்தற்குறிகளைக் கிதார்தான் போட்டுக்கொண்டிருந்தது. கேட்டவர்கள் "நல்ல குரல்" என்று சொல்லிவிட்டுத் தங்கள் பேச்சைத் தொடர்ந்ததில் வியப்பில்லை.

அந்தப் பென்சில் கோட்டை இன்றே நீங்களும் போட்டுப் பாருங்கள். உங்கள் பதிவில் நான் எண்ணியவரை ஆறு இடங்கள் அப்படி இருக்கின்றன. அந்த ஆறு இடங்களிலும் மூச்சை மாற்றாதீர்கள், கார்டை எளிதாக்குங்கள். ஜாஸ் கார்டின் நிறத்தை முடிவு செய்வது மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும்தான். மூன்றாவது, நான்காவது தந்திகளில் இரண்டு விரலால் அவற்றைப் பிடித்துவிடலாம், அடுத்த கார்டுக்குப் பெரும்பாலும் ஒரு கட்டம் நகர்ந்தால் போதும். ஒன்பது, பதிமூன்று என்று நீங்கள் அடுக்கும் அலங்காரச் சுரங்களை உங்கள் குரலே பாடிக்கொண்டிருக்கிறது. அதே சுரத்தை விரலும் வாசித்தால் குரலின் மேல் போர்வை போர்த்தியதுபோல் ஆகிவிடும்.

கவுன்ட் பேஸியின் பெரிய ஜாஸ் இசைக்குழுவில் 1937இல் சேர்ந்து, 1987இல் இறக்கும்வரை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் வாசித்தவர் ஃபிரெடி கிரீன். தனி ஆவர்த்தனம் என்று அவர் வாசித்தது மிக அரிது. ஒலிபெருக்கி இல்லாத கிதாரில், ஒரு பாருக்கு நான்கு தட்டு. கை முழுக் கார்டைப் பிடித்திருப்பதுபோல் தெரியும், ஆனால் ஒலிப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு சுரம்தான், மற்றத் தந்திகளை இடது கை அமுக்கி வைத்திருக்கும். அத்தனை ஊதுகருவிகளுக்கு நடுவே அந்த ஒன்றிரண்டு சுரம் போதுமாக இருந்தது. ஒரு குரலுக்குப் பின்னால் உங்களுக்கு ஏன் ஆறு தந்தியும் வேண்டும்?

இன்னொரு வழியைக் காட்டியவர் பிரேசில்காரர் ஜோவோ ஜில்பெர்ட்டோ. அவர் வாசித்த போசா நோவா என்ற பிரேசில் இசைவகையை ஜாஸ் என்று சொல்லலாமா என்ற சண்டையை இங்கே எடுக்கவேண்டாம். பாடிக்கொண்டே வாசிப்பவர்களுக்கு அவர்தான் இலக்கணம். 1958இல் அவர் பதிவு செய்த பாடல்களைக் கேளுங்கள். கட்டைவிரல் சீராக நடக்கிறது, மற்ற விரல்கள் தட்டுக்கு இடையிடையே விழுகின்றன, அதிர்வே இல்லாத அந்த மெல்லிய குரல் இரண்டுக்கும் கட்டுப்படாமல் முந்துகிறது, பிந்துகிறது. மூன்று பேர் வாசிப்பதுபோல் கேட்கும். இந்த நிலையை அடைவதற்கு முன் சகோதரியின் வீட்டுக் குளியலறையில் மாதக்கணக்கில் அடைந்து கிடந்து பயிற்சி செய்தார் என்று சொல்வார்கள். குளியலறை எதிரொலிக்கும் என்பதால் மெதுவாகப் பாடினாலும் குரலின் குறை நிறை காதுக்குத் திரும்பி வரும். உங்கள் வீட்டில் இடமிருந்தால் முயன்று பாருங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பயிற்சி என்று ஒன்றே ஒன்று தருகிறேன். நீங்கள் அனுப்பிய பாடல் எட்டு எட்டு பாராக நான்கு பகுதி. முதல் எட்டில் கட்டைவிரலின் அடிச்சுரம் மட்டும். இரண்டாவது எட்டில் பாருக்கு ஒரு கார்டு, மீட்டிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். நடுப்பகுதியில் மட்டும் ஃபிரெடி கிரீன் போல நான்கு தட்டு. கடைசி எட்டில் கிதாரைத் தொடவே கூடாது. மெட்ரோனோம் இரண்டாம் தட்டிலும் நான்காம் தட்டிலும் மட்டும் அடிக்கட்டும். கடைசி எட்டை வெறும் குரலில் பாடி முடித்ததும் ஒரு கார்டு மீட்டுங்கள், சுருதி எங்கே நிற்கிறது என்று அது சொல்லிவிடும். முதல் வாரம் அழுகை வரும். எனக்குக் கால் சுரம் இறங்கியே இருந்தது, ஒரு மாதம். கையைச் சும்மா வைத்திருப்பதுதான் இதில் இருப்பதிலேயே கடினமான வேலை.

இப்போது அந்தப் பியானோக்காரர். அவர் மேல் கோபம் வேண்டாம், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பியானோவும் கிதாரும் ஏறக்குறைய ஒரே சுர உயரத்தில் கார்டு போடும் கருவிகள். இருவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு கார்டை நினைத்துக்கொண்டால் கேட்பவருக்குச் சேறுதான் மிஞ்சும். உங்கள் பதிவைப்போல் நீங்கள் நிறுத்தாமல் வாசிப்பதை அவர் ஒருமுறை கேட்டிருப்பார், அவ்வளவுதான். "என் கிதாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று அவரிடம் பொதுவாகக் கேட்காதீர்கள். "இந்த இரண்டு பாடலில் நான் வாசிக்கிறேன், நீங்கள் ஓய்வெடுங்கள், மற்றவற்றில் நான் தொடமாட்டேன்" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். ஓய்வெடுக்கச் சொன்னால் மறுக்கும் பியானோக்காரரை இதுவரை நான் பார்த்ததில்லை. கிதாரும் பேஸும் (அடிச்சுரம் வாசிக்கும் பெரிய தந்திக்கருவி) குரலும் மட்டும் இருக்கும் அந்த இரண்டு பாடல், முழுக்குழு வாசிக்கும் பத்துப் பாடலுக்கு நடுவே தனியாகத் தெரியும்.

அந்தக் குழுவில் கிதாரைத் தொடாத நேரத்திலும் அது உங்களுக்கு வேலை செய்யும். பாடகிகளைப் பற்றி வாத்தியக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் பேசும் கேலியெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எந்தச் சுருதி என்று கேட்டால் விழிப்பவர்கள், எங்கே முடிக்க வேண்டும் என்று கையால் மாவு பிசைபவர்கள். பாதி அநியாயம், பாதி உண்மை. ஜாஸ் பாடல் புத்தகங்களில் அச்சாகியிருக்கும் சுருதி பெரும்பாலும் ஊதுகருவிகளுக்கு வசதியானது. பல பெண் குரல்களுக்கு அதை நான்கைந்து சுரம் இறக்கவேண்டியிருக்கும். நீங்கள் உங்கள் சுருதிக்கு மாற்றி எழுதிய தாளை நீட்டி, வேகத்தைச் சரியாக எண்ணிக் கொடுத்து, "முன்னுரையாகக் கடைசி நான்கு பார், முடிவில் அதையே மூன்று முறை" என்று சொன்னால் முதல் ஒத்திகையிலேயே உங்கள் மதிப்பு மாறிவிடும். சாரா வான் 1943இல் ஏர்ல் ஹைன்ஸ் குழுவில் சேர்ந்தபோது பாடகி மட்டுமல்ல, இரண்டாவது பியானோக் கலைஞரும்கூட. பின்னாளில் உலகம் அவர் குரலை மட்டுமே கேட்டது. ஆனால் யாரும் எதிர்பாராத சுரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் அந்தத் தைரியம், விரலால் கார்டைத் தொட்டுப் பழகியவருக்கு வருவது.

ஆசிரியர் சொன்னதற்கு வருகிறேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று அவர் அஞ்சுகிறார். இதில் நானும் அவரும் பாதி வழி ஒன்றாக நடக்கலாம். கேட்பவர்களின் காது எப்போதும் குரலின் பக்கமே சாயும். நாட் கிங் கோல் பியானோக்காரராகத்தான் பெயர் எடுத்தார். 1937இல் கிதாரும் பேஸும் சேர்த்து, டிரம்ஸ் இல்லாமல் அவர் அமைத்த மூவர் குழுவைப் பார்த்துப் பலர் அதே அமைப்பில் குழு தொடங்கினார்கள். பிற்பாடு குரல் பிரபலமாகப் பிரபலமாக, அவர் எத்தனை பெரிய பியானோக்காரர் என்பதே பலருக்கு மறந்துபோனது. ஜார்ஜ் பென்சன் கிதாரில் கொடிகட்டிப் பறந்தவர். 1976இல் வெளிவந்த இசைத்தட்டில் ஆறு உருப்படிகள், ஒன்றில் மட்டும் பாடினார். அந்த ஆண்டின் சிறந்த பதிவுக்கான கிராமி விருது அந்த ஒன்றுக்குத்தான் கிடைத்தது. கிதார் ரசிகர்கள் சிலர் இன்றும் பொருமுகிறார்கள்.

எனவே விளம்பரத்தில் "பாடகி" என்றே போடுங்கள். "பாடகி மற்றும் கிதார் கலைஞர்" என்று போட்டால், பாட்டுக்கு ஆள் தேடுபவர் ஒரு பார்வையும் கிதாருக்கு ஆள் தேடுபவர் இன்னொரு பார்வையும் பார்த்து, இருவருமே உங்களைப் பாதி ஆளாக எடுத்துக்கொள்வார்கள். கிதார் மேடையில் தெரிந்தால் போதும். நீங்கள் இன்னொருவருக்குக் கிதார் வாசிக்கப் போகப்போவதில்லையே? ஒரு முழுநேரக் கிதார்க்காரரோடு உங்களை ஒப்பிட்டுத்தான் ஆசிரியர் "அரைகுறை" என்கிறார். அந்தப் போட்டியில் நீங்கள் இல்லவே இல்லை. உங்கள் குரலுக்கு எது தேவை என்பதில் மட்டும் தேர்ந்தவராக இருந்தால் போதும்.

உணவக மேலாளர் விஷயத்தில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கிறார், கல் நீங்கள். தனியாகப் பாடி வாசிப்பதைப் பலர் எளிய வடிவம் என்று நினைக்கிறார்கள். கணக்கு எழுதுபவர் நீங்கள், நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நால்வர் குழுவில் ஒரு பாடல் ஆறு நிமிடம் ஓடினால் சாக்ஸஃபோனும் பியானோவும் மனோதர்மம் வாசிக்கும் நேரம் போக, உங்கள் குரல் மூன்று நிமிடம்தான் உழைக்கும். தனியாக இருந்தால் அந்த ஓய்வு கிடையாது. நாற்பத்தைந்து நிமிடச் சுற்றில் ஏறக்குறைய முழு நேரமும் தொண்டையும் விரலும் ஓடுகின்றன. ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு வருவதும் நீங்கள்தான். இரட்டை உழைப்புக்கு ஒற்றைச் சம்பளம்.

சண்டை போட வேண்டாம். ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் கொடுங்கள்: தனியாக என்றால் இவ்வளவு, பேஸ் வாசிப்பவரோடு இருவராக என்றால் இவ்வளவு, மூவராக என்றால் இவ்வளவு. தனி நிகழ்ச்சிக்கான தொகை, இருவருக்கான தொகையைவிடக் கொஞ்சம்தான் குறைவாக இருக்க வேண்டும். அப்போது மேலாளர் தானாகவே இருவரைக் கேட்பார். நீங்கள் விரும்புவதும் அதுதான், அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. எத்தனை சுற்று, சுற்றுக்கு எத்தனை நிமிடம், நடுவில் எத்தனை நிமிட ஓய்வு, கடைசி நேரத்தில் ரத்து செய்தால் எவ்வளவு என்பதும் அதே தாளில் இருக்கட்டும். வாய்ப்பேச்சாக முடித்துக்கொண்டு ஏமாந்தவர்களின் பட்டியலில் என் பெயர் மேலேயே இருக்கிறது. ஒரு விடுதியில் மூன்று மாதம் வாசித்தேன், கடைசி மாதச் சம்பளத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

பேஸ் வாசிப்பவரை நான் இவ்வளவு வற்புறுத்துவது பணத்துக்காக மட்டுமில்லை. அடிச்சுரத்தை அவர் தாங்கிக்கொண்டால் உங்கள் கட்டைவிரலுக்கு விடுதலை, கை சும்மா இருக்கலாம். 1955இல் பாடகி ஜூலி லண்டனின் முதல் இசைத்தட்டில் பார்னி கெஸலின் கிதாரும் ரே லெதர்வுட்டின் பேஸும் மட்டும்தான் குரலுக்குத் துணை. கெஸல் எத்தனை இடத்தில் வாசிக்காமல் விடுகிறார் என்று எண்ணிக்கொண்டே கேளுங்கள். பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் கிதார்க்காரர் ஜோ பாஸும் பேஸ்கூட இல்லாமல் நான்கு இசைத்தட்டுகள் செய்தார்களே என்று கேட்பீர்கள். செய்தார்கள். ஆனால் அங்கே பாட ஓர் ஆள், வாசிக்க ஓர் ஆள்.

தனியாகப் பாடியே ஆக வேண்டிய நாட்களுக்கு ஒரு யோசனை. மூன்று பாடலுக்கு ஒரு முறை, பாடலின் முப்பத்திரண்டு பாரையும் ஒரு தடவை கிதாரிலேயே மெட்டாக வாசித்துவிடுங்கள். பெரிய வித்தை வேண்டாம், மெட்டு தெளிவாகக் கேட்டால் போதும். தொண்டைக்கு ஒன்றிரண்டு நிமிடம் ஓய்வு கிடைக்கும். உட்கார்ந்து வாசிக்கிறீர்கள் என்று பதிவிலேயே தெரிகிறது, வயிறு மடங்கி நீண்ட வரிகளின் முடிவில் குரல் தேய்கிறது. வார் மாட்டிக்கொண்டு நில்லுங்கள். விரல்பலகையைக் குனிந்து பார்க்கும்போதெல்லாம் வாய் மைக்கை விட்டு விலகுவதையும் கவனியுங்கள், சில சொற்கள் பாதியில் காணாமல் போகின்றன.

வேலையை விடுவதா? இப்போது வேண்டாம். வாரத்தில் இரண்டு மாலை என்பது ஐந்தாகி, அந்த ஐந்தில் மூன்றுக்காவது நீங்கள் எழுதிக்கொடுத்த தொகை தொடர்ந்து ஓர் ஆண்டு வந்தால் மறுபடி எழுதுங்கள். மாதச் சம்பளம் இருப்பதால்தான் அந்தத் தாளை மேலாளரிடம் துணிந்து நீட்ட முடியும். இந்தத் துறையில் வயதைப் பற்றிய பதற்றமும் தேவையில்லை. மேடலின் பேரூ பதினைந்து வயதில் பாரிஸ் தெருக்களில் பாடத் தொடங்கியவர், கையில் கிதாரோடு பாடுபவர். முதல் இசைத்தட்டு 1996இல் வந்து பாராட்டும் பெற்றது. தனிப்பெயரில் அடுத்தது வெளிவந்தது 2004இல். எட்டு ஆண்டுகள். ரசிகர்கள் அவரை மறந்துவிடவில்லை.

இசைத்தட்டு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பீர்கள் என்று தெரியும். பழைய பாடல்களைப் பதிவு செய்தால், உரிமை இன்னும் உயிரோடு இருக்கும் பாடலுக்கு உரிமையாளரிடம் உரிமம் வாங்க வேண்டும். பாடலின் உரிமை வேறு, பதிவின் உரிமை வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சொந்தமாக எழுதியது ஒன்றிரண்டு இருந்தால் அவற்றைப் பாடலாசிரியர்களுக்கான உரிமத்தொகை வசூலிக்கும் சங்கத்தில் பதிந்துவைப்பது நல்லது. மற்றபடி குரல், கிதார், பேஸ், நான்கு பாடல், ஒரே அறையில் சேர்ந்து வாசித்த பதிவு போதும். நிகழ்ச்சி கேட்டுப் போகும் இடத்தில் அதைத்தான் கேட்கச் சொல்வார்கள், முதல் அரை நிமிடத்தைத்தான் கேட்பார்கள். ஆகவே கிதார் முன்னுரையை நீட்டாமல் இரண்டு பாரில் குரல் வந்துவிடட்டும்.

அடுத்த ஒத்திகைக்குக் கிதாரை எடுத்துக்கொண்டு போங்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம். உங்கள் சுருதியில் எழுதிய தாள்களை எல்லோருக்கும் கொடுத்து நான்கைந்து பாடல் பாடி முடித்த பிறகு, அந்த இரண்டு பாடல் விஷயத்தைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள். அதற்கு முன் ஐந்தாவது தந்தியை மாற்றிவிடுங்கள். பதிவில் மேல்கட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் அது கொஞ்சம் இறங்கியே ஒலிக்கிறது, பழசாகிவிட்டது போலிருக்கிறது.